வெனீர், ஃபசாட்: இரண்டும் ஒரே பொருள்தானா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் எல்லைப் பகுதியில் தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒரு கதையில் பண்ணையார் ஒருவரின் மரியாதையைப் பற்றி 'அ தின் வெனீர் ஆஃப் பொலைட்னஸ்' என்று வந்தது. அன்றாடம் மலையாளம் கேட்டுப் பழகிய பிள்ளைகள் உடனே 'பொய்முகம்' என்றார்கள். அகராதியில் 'போலித்தோற்றம்' என்று இருக்கிறது. ஆனால் ஃபசாட் என்ற சொல்லுக்கும் அதே விளக்கம்தான் உள்ளது. இரண்டும் ஒன்றுதானா? வேறு என்றால் அதைத் தமிழில் எப்படிக் காட்டுவது?

மறுமொழி: வாளையார் மரவேலைக்காரர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இலக்கியப் பொருளை மற்றவர்கள் சொல்லட்டும். வெனீர் என்ற பெயரில் கையில் கிடைப்பது எது என்பதை நான் சொல்கிறேன். மரத்தடியைச் சுழலவிட்டு நீண்ட கத்தியால் உரித்தோ, சீவியோ எடுக்கும் மெல்லிய தகடுதான் வெனீர். பெரும்பாவூர் ஆலைகளில் ரப்பர் மரத்தை இப்படி உரித்து, அடுக்கடுக்காக ஒட்டித்தான் பிளைவுட் செய்கிறார்கள். அதன் மேல் ஒட்டும் தேக்கு வெனீர் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அலமாரிக் கதவின் விளிம்பை மூடும் மரப்பட்டி அடிக்காமல் விட்டால், தேக்கு எங்கே முடிந்து உள்மரம் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். அடியில் ஈரம் ஏறினால் உப்பிக்கொண்டு கிளம்புவதும் அந்தத் தகடுதான். ஆனால் ஒட்டியிருப்பது உண்மையான தேக்கு; தேக்குபோல அச்சடித்த மைக்கா வேறு. வெனீர் என்று சொல்லித்தான் விற்கிறோம், எனவே எங்கள் தொழிலில் அது ஏமாற்றுச் சொல் அல்ல.

மறுமொழி: குமுளி மொழிபெயர்ப்பாளர்

மேலே ஐயா சொன்னதில்தான் விடை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவரின் மரியாதையை வெனீர் என்று சொல்லும்போது, அந்த மரியாதை முழுப் பொய் என்பதைவிட, அது மேலோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை என்பதே அழுத்தம் பெறுகிறது. ஆகவேதான் 'தின்' (மெல்லிய) என்ற அடைமொழி அதனோடு அடிக்கடி வருகிறது. கோபம் வந்தால் அது விரிசல் விடுகிறது, உரிந்து போகிறது.

ஃபசாட் கட்டடக் கலையிலிருந்து வந்தது. முகத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அது, கட்டடத்தின் முகப்பைக் குறிக்கும். ஒருவர் தம் துயரத்தையோ கடனையோ பிறர் அறியாதபடி மறைத்து, எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டால், அது ஃபசாட். முன்னிடைச் சொற்களையும் கவனியுங்கள்: வெனீருக்குப் பெரும்பாலும் 'பினீத்' (அடியில்), ஃபசாடுக்கு 'பிஹைண்ட்' (பின்னால்). ஒன்று மேலே படிந்திருப்பது, மற்றது முன்னே நிற்பது. பிள்ளைகள் சொன்ன பொய்முகம் ஃபசாடுக்கு நெருக்கமானது. மலையாளத்தில் அது முகமூடியையே குறிக்கிறது என்பதால், அவர்கள் வழி தவறிவிடவில்லை.

ஆசிரியை

மிக்க நன்றி. அப்படியானால் 'மரியாதை என்னும் மெல்லிய பூச்சு' என்று எழுதச் சொல்லலாமா?

குமுளி மொழிபெயர்ப்பாளர்

தாராளமாக எழுதலாம் அம்மா. 'மேற்பூச்சான மரியாதை' என்றால் இன்னும் இயல்பாக இருக்கும். 'பசுத்தோல் போர்த்திய புலி' என்ற வழக்கை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். அதில் பிறரை ஏமாற்றிக் கெடுக்கும் நோக்கம் இருக்கிறது, அந்தக் கதையின் பண்ணையாரிடம் அது இருக்கிறதா என்பதைப் படித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 'வெனீர் ஆஃப் லீகாலிட்டி' என்று செய்திகளில் வருவதையும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். முறைகேடான செயலுக்குச் சட்டப் பூச்சு பூசுவது என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

உச்சரிப்பையும் சொல்லிக் கொடுங்கள். வெனீரில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். ஃபசாடை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் 'c' எழுத்தை 'க' என்று படிப்பவர்கள் பலர். அது 'ச' ஒலிதான்.