சத்யம் மோசடி: கோட்டைவிட்டது இயக்குநர் குழுவா, ஆடிட்டரா?

பங்குதாரன்:
ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு, மோசடியை ஒப்புக்கொண்டு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தை மறுபடி படித்தேன். ரொக்கமாகவும் வங்கியிலும் இருப்பதாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை. ஹார்வர்டு பேராசிரியரும் முன்னாள் கேபினட் செயலரும் இயக்குநர்களாக இருந்த நிறுவனம் இது! நிர்வாகத்தைச் சாராமல் வெளியிலிருந்து கண்காணிக்கும் சுயாதீன இயக்குநர் என்ற ஏற்பாடே வீண்.

பேரேடு:
அவர்கள் முன் வைக்கப்பட்டது ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கு ஐயா. வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதத்தை ஆடிட்டரே வங்கிக்கு அனுப்பி, பதிலையும் நேரடியாகப் பெற வேண்டும். தணிக்கையின் அரிச்சுவடி அது. அந்த வேலையைச் சத்யம் நிர்வாகத்திடமே விட்டிருந்தார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011இல் சொன்னது. திருட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

பங்குதாரன்:
மேட்டாஸ் விஷயம்? ராஜு குடும்பத்தாரின் இரண்டு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க 2008 டிசம்பர் 16 அன்று ஒப்புதல் தந்தது இதே இயக்குநர் குழு. பணம் யார் வீட்டுக்குப் போகிறது என்று அறிய வங்கிக் கடிதமா வேண்டும்? முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்த பிறகே கைவிட்டார்கள்.

பேரேடு:
மேட்டாஸில் அவர்கள் பக்கம் நியாயமே இல்லை. ஆனால் பொய்க் கணக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

வாணி:
ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். நஷ்டம் வரும் என்று தெரிந்தால் உடனே கணக்கில் எழுது, லாபத்தை உறுதியான பிறகே எழுது என்பார்கள். சத்யத்தில் நடந்தது நேர்மாறு: 2008 செப்டம்பர் காலாண்டில் உண்மையான லாப விகிதம் 3 சதவீதம், காட்டியது 24. வரவே வராத 376 கோடி வட்டியும் புத்தகத்தில் ஏறியிருந்தது. இவ்வளவு பணம் எந்த வங்கியில், என்ன வட்டிக்குக் கிடக்கிறது என்று கணக்கைக் கவனிக்க இயக்குநர்களே அமைத்த தணிக்கைக் குழுவில் ஒருவர் விடாமல் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்விக்கு ஆடிட்டர் பட்டம் தேவையில்லை.

பேரேடு:
கேட்டாலும் போலி டெபாசிட் ரசீதை நீட்டியிருப்பார்கள் அம்மா. அதனால்தான் 2013 கம்பெனிச் சட்டம் பெரிய மோசடி தெரிந்தால் ஆடிட்டரே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

பங்குதாரன்:
அதே சட்டத்தின் 149(12) பிரிவையும் படியுங்கள். தெரியாமல் நடந்ததற்குச் சுயாதீன இயக்குநர் பொறுப்பல்ல. தெரிந்து உடன்பட்டாலோ, கவனமாக இருக்கத் தவறினாலோதான் மாட்டுவார். கூட்டத்தில் வாயே திறக்காதவர் கவனம் தவறியவரா, இல்லையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.