ஓ லெவல் கணக்கு சொல்லித் தர யாராவது இருக்கிறீர்களா?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறேன், வயது 41. தனித் தேர்வராக ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) கணக்கு எழுதி இரண்டு முறை தோற்றாயிற்று. நர்சிங் டிப்ளமா படிக்க நெடுநாள் ஆசை. அக்டோபரில் மூன்றாம் முறை உட்காரப் போகிறேன்.

"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். வேதாகமத்தில் நெகேமியா எருசலேம் மதிலைக் கட்டியபோது அவருடைய எதிரி தொபியாவும் இப்படித்தான், ஒரு நரி ஏறினாலே இடிந்துவிடும் என்று கேலி பேசினான். மதிலோ 52 நாளில் முடிந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வேகம் இல்லை. எதிரிகள் எப்போது வருவார்களோ என்ற நிலையிலும் ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம் என்று கட்டினார்களே, அதுதான். எனக்கு ஒரு கையில் கரண்டி, மறு கையில் கால்குலேட்டர்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அல்ஜீப்ரா ஓரளவு வந்துவிட்டது. டிரிகனாமெட்ரிதான் உதைக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம், உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் யாராவது சொல்லித் தர முடியுமா? என்னைப் போல எழுதுகிறவர்கள் இருந்தாலும் சேர்ந்து படிக்கலாம். தமிழில் விளக்கினால் இன்னும் நல்லது. ஜெபத்திலும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பழைய வினாத்தாள்கள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.