சீன நண்பர்களும் ‘ஓப்பன்’ படுத்தும் பாடும்: உங்கள் அனுபவம் என்ன?

ஷென்ஜென்வாசி:
ஆபீசில் பக்கத்து சீட்டுச் சீன நண்பர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் ஆங்கிலம் பேசிப் பழகுவார். ஒருநாள் மீட்டிங் அறை இருட்டாக இருந்தது. “ப்ளீஸ் ஓப்பன் த லைட்” என்றார். நான் விளக்கின் மூடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

சீனத்தில் ‘காய்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் காய்கறிக் காய் மாதிரியே ஒலிக்கும். கதவைத் திறப்பதும் காய், விளக்கைப் போடுவதும் காய், கார் ஓட்டுவதும் காய், மீட்டிங் நடத்துவதும் காய். பள்ளியில் ‘காய் என்றால் ஓப்பன்’ என்று மனப்பாடம் செய்தவர் வேறு எப்படிச் சொல்வார்? நாமும் லைட் போடுகிறோம், டீ போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். அதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மருத்துவ மாணவி:
எங்கள் பயிற்சி மருத்துவமனையில் ஒரு டாக்டர், வெளிநாட்டு நோயாளியிடம் “ஐ வில் ஓப்பன் சம் மெடிசின் ஃபார் யூ” என்றார். அந்த மனிதர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், டாக்டர் அட்டையைப் பிரித்து மாத்திரை தருவார் என்று! ‘காய் யாவ்’ என்றால் மருந்து எழுதிக் கொடுப்பது. நல்லவேளை, அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரவில்லை. அது ‘காய் தாவ்’, சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கத்தியைத் திற’.

ஆன்லைன் டீச்சர்:
என் கதையில் தப்பு என்மேல்தான். வகுப்பில் மனம்விட்டுப் பேசும் ஒரு மாணவியைப் பாராட்டி, ரிப்போர்ட்டில் ‘வெரி ஓப்பன்’ என்று எழுதிவிட்டேன். அவள் அம்மா மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார். ‘காய்ஃபாங்’ என்று வந்திருக்கிறது. சீனாவில் 1978-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பெயரிலேயே இருக்கும் கௌரவமான சொல்தான் அது. ஆனால் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், ஆண்களிடம் கட்டுப்பாடில்லாமல் பழகுகிறவள் என்ற அர்த்தம் வந்துவிடும். அந்த அம்மாவைச் சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் ‘தயங்காமல் பேசுகிறாள்’ என்று மாற்றி எழுதினேன்.

சிங்கப்பூர் அப்பா:
இங்கே ‘ஓப்பன் த லைட்’ தினசரிப் பேச்சு. என் மகனும் அப்படித்தான், ‘ஓப்பன் த ஃபேன்’ என்கிறான். ஊரிலிருந்து வந்த என் அம்மா, “ஃபேனை எதுக்குடா திறக்கணும், கெட்டுப்போச்சா?” என்று கேட்டார்.

ஷென்ஜென்வாசி:
டீச்சர், உங்கள் கதையை என் பக்கத்து சீட்டு நண்பரிடம் சொன்னேன், தலையில் கைவைத்துக்கொண்டார். அப்புறம் அவரே ஒரு சந்தேகம் கேட்டார்: “யு.எஸ். ஓப்பன் டென்னிஸில் எதைத் திறக்கிறார்கள்?” தொழில்முறை ஆட்டக்காரர்கள், அமெச்சூர்கள் எல்லாருக்கும் 1968-இல் கதவு திறந்ததால் வந்த பெயர் என்றேன். “ஓ, கோங்காய்! எல்லாருக்கும் திறந்தது! எங்கள் காய் அதிலும் இருக்கிறது” என்று தொடையைத் தட்டியவர், ஃபைனலைப் பார்க்க என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்ததும் மனைவியிடம் திரும்பி, எனக்காக ஆங்கிலத்திலேயே சொன்னார்: “ஓப்பன் த டிவி!”