ஆஸ்திரேலியப் பூக்கள்: பரிசுக்கு எது, வீட்டுக்கு எது?

குன்னூர்க்காரி:

சிட்னியில் வெண்ட்வொர்த்வில் பக்கம் இருக்கிறோம், வந்து பதினோரு வருஷம் ஆகிறது. யாருக்காவது பூ கொடுக்க வேண்டும் என்றால் சூப்பர்மார்க்கெட் வாசலில் வாளியில் நிற்கும் ரோஜாவைத் தூக்கிக்கொண்டு போவதே என் வழக்கம். இந்த முறை அது செல்லாது.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வருகிற சனிக்கிழமை 80 வயது நிறைகிறது. பள்ளி விட்டு வந்தால் என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் சமையலறையில்தான் கிடப்பார்கள், பாதி அங்கேதான் வளர்ந்தார்கள். போன வருஷம் ரோஜா கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "நான் ஆயுசில் போன தூரத்தைவிட இது அதிக தூரம் வந்திருக்கும்" என்றார். கிண்டல் என்று அப்போது உறைக்கவில்லை. இங்கே விற்கிற ரோஜாவில் நிறைய கென்யா, ஈக்வடார், கொலம்பியாவிலிருந்து விமானத்தில் வருகிறது என்று பிறகுதான் தெரிந்தது.

சரி, இந்த மண்ணின் பூவையே கொடுப்போம், முதலில் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு கடையிலிருந்து 'நேட்டிவ்' கொத்து ஒன்றை என் வீட்டுக்கே வரவழைத்தேன். 85 டாலர். நடுவில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு இளஞ்சிவப்புப் பூ, சுற்றிலும் கருஞ்சிவப்பு இலைக் குச்சிகள், யூகலிப்டஸ் இலை. ரொம்பப் பெருமையாக ஜன்னலில் வைத்தேன். பாட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "நடுவில் இருக்கிறவர் தென்னாப்பிரிக்காக்காரர்" என்றார். கிங் புரோட்டியாவாம், அந்த நாட்டின் தேசியப் பூவாம். சிவப்புக் குச்சி லூகாடென்ட்ரான், அதுவும் அந்த ஊர்தான். மிச்சம் இருந்தது தைல இலை. அதை நான் குன்னூரிலேயே பார்த்தாயிற்று.

ஆகவே கேட்கிறேன். பாட்டிக்கு என்ன வாங்குவது? அடுத்த வாரமே நவராத்திரி, கொலுவுக்குப் பக்கத்திலும் ஏதாவது வைக்க ஆசை. ஒன்பது நாளும் தாக்குப்பிடிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு இந்த மாதம் வந்தால் தும்மல் அடங்காது, அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

தும்மல் திலகம்:

உங்கள் வீட்டுக்காரர் கட்சிதான் நானும். வாட்டில் பக்கமே போகாதீர்கள். மஞ்சள் மஞ்சளாகப் பஞ்சு மாதிரி இருக்குமே, அதுதான். தெருமுனையில் அது பூத்தால் எனக்குக் கண் வீங்கிவிடும். மற்றபடி பூவைப் பற்றி ஒன்றும் தெரியாது, கார்டும் சாக்லேட்டும் கொடுத்துப் பிழைக்கிறேன்.

பூவாளி:

ஃப்ளெமிங்டன் பூச்சந்தையில் ஒரு கடையில் ஆறு வருஷம் நின்றவன். விடியற்காலையில் தண்ணீர் வாளி தூக்கியே முதுகு போனது, இப்போது உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். ஆனாலும் பூ விஷயம் என்றால் வாய் சும்மா இருக்காது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 85 டாலர். கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். புரோட்டியா, பாங்க்சியா, வராட்டா, க்ரெவில்லியா எல்லாம் ஒரே குடும்பம், தென் கண்டங்கள் ஒன்றாக ஒட்டிக்கிடந்த காலத்துச் சொந்தம். புரோட்டியாவை இங்கே பண்ணைகளில் வளர்க்கிறார்கள், நன்றாகவே வளர்கிறது. அதனால் சந்தையில் எல்லாம் ஒரே வரிசை வாளியில் நிற்கும், 'நேட்டிவ்' என்ற ஒரே அட்டை தொங்கும். நானே அப்படி அட்டை மாட்டியிருக்கிறேன். உங்கள் பாட்டி மாதிரி ஆட்கள் வந்தால் மட்டும் நாங்கள் கொஞ்சம் பம்முவோம். கேட்டு வாங்குங்கள்: இதில் எது ஆஸ்திரேலியா, எது ஆப்பிரிக்கா என்று. தெரிந்த கடைக்காரர் பட்டென்று பிரித்துக் காட்டுவார்.

செப்டம்பர் கடைசி என்றால் பாட்டிக்கு வராட்டாவைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்க மாட்டேன். வருஷத்தில் இந்த மாதமும் அடுத்த மாதமும்தான் அதன் காலம். நியூ சவுத் வேல்ஸின் மாநிலப் பூ, 1962இல் அறிவித்தார்கள். பெயரே சிட்னிப் பக்கத்துப் பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்தது. பெரிய கொத்தாக வேண்டாம், மூன்று தண்டு போதும், கூடக் கொஞ்சம் யூகலிப்டஸ் இலை. ஏழெட்டுத் தண்டைக் கட்டினால் முட்டைக்கோஸ் கூடை மாதிரி ஆகிவிடும்.

பார்த்து வாங்குவது எப்படி என்றால், ஒரு பூ மாதிரி தெரிவது உண்மையில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னப் பூக்கள் சேர்ந்த உருண்டை. அடியிலிருந்து மேலே ஒவ்வொரு வரிசையாக விரியும். அடி வரிசைகள் மட்டும் விரிந்து, உச்சியில் உள்ளவை மடக்கிய விரல் மாதிரி உள்ளே வளைந்து இறுக்கமாக இருந்தால் எடுங்கள். உச்சி வரைக்கும் விரிந்து சிவப்பில் ஒரு நீலம் பாய்ந்திருந்தால் அது பழசு. உருண்டைக்கு அடியில் சுற்றி இருக்கும் சிவப்பு மடல்களைக் கையால் தூக்கிப் பாருங்கள், ஓரம் கறுத்திருந்தால் வேண்டாம். நல்ல தண்டு பத்து நாள் நிற்கும். போன வாரம் நான் வாங்கியபோது ஒரு தண்டு 9 டாலர், கடைக்குக் கடை மாறும்.

கொலுவுக்கு பாங்க்சியா. நிமிர்ந்து குத்துவிளக்கு மாதிரி நிற்கும், படிக்கு இரண்டு பக்கமும் வைத்தால் எடுப்பாக இருக்கும். 1770இல் குக்கின் கப்பலில் பாட்டனி விரிகுடாவுக்கு வந்த ஜோசப் பாங்க்ஸின் பெயர்தான் அதற்கு. வாடும் என்ற கவலையே இல்லை, தண்ணீர் வற்றினால் அப்படியே காய்ந்து அதே உருவத்தில் நிற்கும், நிறம் மட்டும் பழுப்பாகும்.

இடம் நிரப்ப ஜெரால்ட்டன் வாக்ஸ். மெழுகில் செய்த மாதிரி சின்னச் சின்ன வெள்ளை, இளஞ்சிவப்புப் பூ. ஊசி இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். இதை வாங்கும்போது கொத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். தரையில் பூ கொட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் முறைப்பார், நானும் முறைத்திருக்கிறேன், பரவாயில்லை. அப்புறம் ஒன்று: கொலுவில் வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் இதை வைக்காதீர்கள். பழுக்கிற பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் பூ மளமளவென்று உதிரும். சந்தையில் ஒருமுறை யாரோ மாம்பழப் பெட்டியைப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய், மறுநாள் காலையில் நான் கூட்டிப் பெருக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

க்ரெவில்லியா வேண்டாம். செடியில் அழகு, ஜாடியில் இரண்டு நாள் தாண்டாது, தேன் சொட்டித் துணியெல்லாம் பிசுபிசுக்கும். சில ரகங்கள் தோலில் பட்டால் அரிப்பு எடுக்கும். குன்னூர்க்காரிக்கு ஒரு உபரித் தகவல்: உங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் இருக்கிறதே, அதுவும் க்ரெவில்லியாதான், இந்த நாட்டு மரம். நீங்கள் சீகை மரம் என்று சொல்வது இங்கே வாட்டில்.

வாட்டில் என்றதும் தும்மல் திலகத்துக்கு: பழி வேறு ஆளுக்குப் போக வேண்டும். வாட்டில் மகரந்தம் கனமானது, பெரும்பாலும் மரத்தடியிலேயே விழுந்துவிடும். அதே சமயத்தில் பூக்கிற புல்தான் காற்றில் அனுப்புகிறது, ரை புல் முக்கியமாக. மரம் கண்ணுக்குத் தெரிகிறது, புல் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆனாலும் வாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். 1988 செப்டம்பர் 1 முதல் இந்த நாட்டின் தேசியப் பூ, மதிப்பு உண்டு. வெட்டிய மூன்றாம் நாள் ஜாடியைச் சுற்றி மஞ்சள் பொடிதான் மிஞ்சும்.

காட்டுப்பாதையில் வராட்டா நிற்கிறது என்று கை வைத்துவிடாதீர்கள். முன்பு சிட்னியில் விற்பதற்காக மலையையே மொட்டையடித்தார்கள், 1927இலேயே காட்டுப்பூக்களைக் காக்கச் சட்டம் போட வேண்டி வந்தது. இன்றும் பாதுகாக்கப்பட்ட செடிதான், கடைக்கு வருவது பண்ணைப் பூ.

டாண்டினோங் வடிவு:

நான் மெல்பன். பூவாளி அண்ணை சொன்னது எல்லாம் சரி, வராட்டா வடிவான பூ. ஆனால் 80 வயது ஆளுக்குக் கொத்துதான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, பூச்சாடியோடு ஒரு கங்காரு பா செடி கொடுக்கலாம். வெல்வெட் துணியைத் தொட்ட மாதிரி இருக்கும், பேரப்பிள்ளைகள் தடவித் தடவியே விளையாடுவார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் மாநிலப் பூ அது. வெயில் படும் இடத்தில் வைத்தால் போதும்.

செடி கொடுத்தால் உரம் கவனம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் நல்ல பாங்க்சியாக் கன்று ஒன்று தந்தார். பாசம் மிகுந்து கத்தரிக்காய்க்குப் போடுகிற கோழி எருவையே அதற்கும் போட்டேன். ஒரு மாதத்தில் இலை எல்லாம் மஞ்சளாகிக் கருகிச் செத்துவிட்டது. நர்சரியில் கதைத்தபோது சிரித்தார்கள். இந்தக் குடும்பச் செடிகளுக்குப் பாஸ்பரஸ் கூடினால் நஞ்சாம், சத்துக் குறைந்த மண்ணில் பழகினவையாம். நேட்டிவ் செடிக்கு என்றே தனி உரம் விற்கிறார்கள்.

காயவைக்க விருப்பம் என்றால் பில்லி பட்டன் வாங்குங்கள். மஞ்சள் பந்து மாதிரி, தண்டோடு தலைகீழாகக் கராஜில் கட்டித் தொங்கவிட்டால் நிறம் மாறாமல் காயும். என்னிடம் மூன்று வருடமாக ஒரு கட்டு இருக்கிறது, தூசி தட்டுவது மட்டும்தான் வேலை.

குன்னூர்க்காரி:

வாழைப்பழ விஷயத்தை யாரும் சொல்லியிருக்கவே மாட்டார்கள், நன்றி. ஒரு சந்தேகம். கட்டைத் தண்டு என்பதால் அடியைச் சுத்தியலால் நசுக்கினால் தண்ணீர் நன்றாக ஏறும் என்று என் தோழி சொல்கிறாள், செய்யலாமா? அப்புறம் எந்த ஜாடியில் வைப்பது? என்னிடம் இருக்கும் கண்ணாடி ஜாடி அந்தப் புரோட்டியாவின் கனத்துக்கே இரண்டு தடவை சாய்ந்தது.

பூவாளி:

நசுக்காதீர்கள். நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும், அழுகினால் தண்ணீர் ஏறும் வழியே அடைத்துக்கொள்ளும். செடி வெட்டும் கத்தரியால் அடியில் இரண்டு விரல்கடை சாய்வாக வெட்டி, பூவை ஜாடியில் வைக்கும் முன் இரண்டு மணி நேரம் ஆழமான வாளித் தண்ணீரில் நிற்க வையுங்கள். தண்ணீருக்குள் முங்கும் இலை எல்லாவற்றையும் உருவிவிடுங்கள், யூகலிப்டஸ் இலை ஊறினால் மூன்றாம் நாளே நாற்றம் எடுக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, அடியில் ஒரு துண்டு வெட்டினால் போதும்.

கண்ணாடியை மறந்துவிடுங்கள். வீட்டில் பித்தளைக் குடம் இருக்கிறதா? கழுத்து குறுகலாக, அடி கனமாக இருக்கும். சாயாது. பாங்க்சியாவின் அந்தத் துருநிறத்துக்குப் பித்தளை மாதிரி பொருந்துகிற வேறு ஒன்றை நான் பார்த்ததில்லை.

குன்னூர்க்காரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், கொலு எடுத்து வைத்தாயிற்று.

வராட்டா மூன்று தண்டு, அளவான இலை, பிரவுன் காகிதம், சணல் கயிறு. கடையில் மடலைத் தூக்கிப் பார்த்தேன், அந்தப் பெண் "நீங்களும் பூக்கடையா?" என்று கேட்டுவிட்டாள். பாட்டி கதவைத் திறந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பூவை வாங்கி அடிமடலைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் உட்காரவைத்து ஒரு கதை. சின்ன வயதில் அவர் அண்ணன் ப்ளூ மவுன்டன்ஸ் போய்விட்டு ரயிலில் வரும்போது கோட்டுக்குள் ஒளித்து ஒரே ஒரு வராட்டா கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாராம். அம்மா பூவை ஜாடியில் வைத்துவிட்டு அண்ணனை முதுகில் ஒன்று வைத்தாராம். 1927 சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "தெரியும், அதனால்தான் கோட்டு" என்றார்.

கொலுவில் குடம், பாங்க்சியா, பழத்தட்டிலிருந்து தள்ளி ஜெரால்ட்டன் வாக்ஸ். செட்டியார் பொம்மைக்குப் பின்னால் பாங்க்சியா நின்றதில் அவர் தன் கடையில் ஆஸ்திரேலியச் சரக்கு இறக்கினதுபோல் இருந்தது. வீட்டுக்காரர் வழக்கம்போலத் தும்மினார், புல்வெட்டும் இயந்திரத்தை எடுக்கும்போது மட்டும். எனக்கென்று ஒரு வராட்டாவும் வாங்கி நடுவில் வைத்திருந்தேன். என் அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு "செம்பருத்திக்குப் பெரியம்மாவா?" என்றாள்.

ஒரே தொல்லை, நாலாம் நாளிலிருந்து அந்த வராட்டாவுக்கு எறும்பு வரிசை கட்டிவிட்டது. அடுத்த வருஷத்துக்கு என்ன வழி?

பூவாளி:

அதிலும் தேன் உண்டு, சொல்ல மறந்துவிட்டேன். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, நடுவில் குடத்தை வையுங்கள். சர்க்கரை டப்பாவுக்கு வீட்டில் செய்வோமே, அதேதான். இலை எதுவும் சுவரையோ படியையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதைப் பாலமாக்கிக்கொள்ளும்.