கியர் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தட்டினால் இன்ஜின் தயங்குகிறது, காரணம் என்ன?

வளைவுப்பிரியன்:

இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. பின்சக்கர டிரைவ், ஆறு கியர் மேனுவல், இரண்டு கதவு கூப்பே. பெட்ரோல் இன்டேக் போர்ட்டில்தான் (சிலிண்டருக்குக் காற்று போகும் வழியில்) தெளிக்கிறது, நேரடி இன்ஜெக்‌ஷன் இல்லை. ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இல்லை, எலக்ட்ரானிக் த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் தகடு). கம்பெனி பெயரைச் சொல்லவில்லை; சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து நான்கிலிருந்து மூன்றுக்கு வருவேன். கிளட்சை மிதித்து, லீவரை முன்னால் தள்ளும்போதே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு. ஆர்பிஎம் துள்ளி ஏற வேண்டிய அந்த நேரத்தில் இன்ஜின் எதுவும் நடக்காதது போல இருக்கிறது. அப்படியே கிளட்சை விட்டால் கார் மூக்கைக் குனிந்து ஒரு குலுக்கல், பின் டயர் லேசாகக் கீச்சிடுகிறது. எப்போதும் இல்லை, ஆனால் அடிக்கடி.

செக் இன்ஜின் விளக்கு வரவில்லை. ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றியாகிவிட்டது. சர்வீஸில் கேட்டால் "கோட் இல்லையே, அப்போ ஃபால்ட்டும் இல்லை" என்கிறார்கள். நேராகப் போகும்போது பிக்கப்பில் ஒரு குறையும் இல்லை. எங்கே தேடுவது?

நெய்வாசம்:

த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தகட்டின் விளிம்பில் கரி படிந்தால், மூடிய நிலையிலிருந்து திறக்கும் அந்த முதல் இழையில்தான் தொல்லை தெரியும். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரம் போய்விடும். துடைத்த பிறகு ஐடில் ரீலேர்ன், அதாவது மூடிய நிலையை இன்ஜின் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்குவது, செய்ய வேண்டியிருக்கும்.

நிதானம்:

வேகத்தைக் குறைக்கத்தான் பிரேக் இருக்கிறதே. கியர் குறைத்துவிட்டுக் கிளட்சை மெதுவாக விட்டால் போதும். பந்தயத்துக்கா போகிறீர்கள்?

பழைய ஸ்பேனர்:

நிதானம் சொல்வதும் ஒரு வழிதான். ஆனால் தம்பி கேட்டது அது இல்லை. மூன்றாவது கியர் விகிதம் 1.54, நான்காவது 1.21 என்று வையுங்கள். நான்கில் 3000-ல் ஓடும் இன்ஜின் அதே வேகத்துக்கு மூன்றில் சுமார் 3800-ல் சுற்ற வேண்டும். இந்த 800-ஐ ஆக்சிலரேட்டர் கொடுக்காவிட்டால் பின்சக்கரம்தான் கிளட்ச் வழியாக இன்ஜினை இழுத்து ஏற்ற வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது, முன்பக்கம் எடை சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிட்ட பின்சக்கர டிரைவ் காரில், எனக்கு அது பிடிக்காது. மழை பெய்தால் இன்னும் மோசம்.

தம்பி, எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. பிரேக்கைத் தொடாமல், கார் சும்மா உருண்டு போகும்போது கியர் குறைத்தாலும் இதே தயக்கம் வருகிறதா? நீங்கள் எழுதியதில் "பிரேக் பிடித்து" என்ற இரண்டு சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

எலக்ட்ரானிக் த்ராட்டிலில் உங்கள் கால் த்ராட்டிலைத் திறப்பதில்லை. பெடலில் இரண்டு சென்சார் இருக்கும். அவை ஈசியூவிடம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சொல்லும், தகட்டை எவ்வளவு திறப்பது என்று ஈசியூ முடிவு செய்யும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக அழுத்தப்பட்டால் ஆக்சிலரேட்டரை மதிக்காதே என்ற கட்டளை பல கார்களில் எழுதப்பட்டிருக்கிறது. சில ஜெர்மன் கார்களில் இது முன்பே இருந்தது. 2009, 2010-ல் டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுக்கின்றன என்ற புகார்களும் பெரிய ரீகால்களும் வந்த பிறகு மற்றவர்களும் வேகமாகச் சேர்த்தார்கள். பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டுகிறவனுக்கும், இரண்டு பெடலையும் குழப்பி மிதிக்கிறவனுக்கும் ஈசியூவுக்கு வித்தியாசம் தெரியாது.

எனவே லாக் எடுங்கள், அதாவது ஓடும்போது சென்சார் எண்களைப் பதிவு செய்யுங்கள். காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் ஓபிடி டாங்கிள் ஒன்று, போனில் ஒரு ஆப் போதும். பெடல் நிலை, த்ராட்டில் நிலை, ஆர்பிஎம், வேகம் என்று இந்த நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். இருபதைப் போட்டால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறைதான் வரும், உங்கள் தட்டல் அந்த இடைவெளியில் காணாமல் போய்விடும். பிரேக் சுவிட்ச் சாதாரண ஆப்பில் பெரும்பாலும் வராது, அந்த கார் கம்பெனிக்கென்று உள்ள பாராமீட்டரைப் படிக்கும் ஸ்கேனர் கிடைத்தால் அதையும் சேருங்கள். ஓட்டும்போது திரையைப் பார்க்கக் கூடாது, வீட்டுக்கு வந்து பாருங்கள்.

பெடல் ஏறியும் த்ராட்டில் ஏறவில்லை என்றால் அது ஈசியூவின் முடிவு. த்ராட்டில் உடனே ஏறியும் ஆர்பிஎம் தாமதமாக வந்தால், கோளாறு காற்றிலோ பெட்ரோலிலோ. கரி துடைப்பதெல்லாம் அப்புறம்.

ஒன்று முக்கியம்: கார் நின்றபடி, நியூட்ரலில், பிரேக்கை மிதித்துக்கொண்டு தட்டிப் பார்த்துவிட்டு "எனக்கு அந்தக் கட்டளை இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள். பல கார்களில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேலேதான் அது விழித்துக்கொள்ளும்.

வளைவுப்பிரியன்:

அண்ணே, லாக் எடுத்துவிட்டேன். நண்பரிடம் நல்ல ஸ்கேனர் இருந்தது, பிரேக் சுவிட்சும் கிடைத்தது.

பிரேக் பிடித்துக்கொண்டு தட்டியபோது: பெடல் 40 சதவீதம் வரை போகிறது. த்ராட்டில் 13-லேயே நிற்கிறது. காலை எடுத்த நிலையிலும் அது 13-தான் காட்டுகிறது, அதாவது தகடு அசையவே இல்லை. பிரேக் சுவிட்ச் "ஆஃப்" ஆன பிறகுதான் திறக்கிறது. எனக்கு எப்போது சரியாக வந்தது என்று பார்த்தால், தட்டுவதற்குச் சற்று முன்பே பிரேக்கிலிருந்து கால் இளகியிருக்கிறது.

பிரேக் இல்லாமல் தட்டியபோது த்ராட்டில் உடனே திறக்கிறது. ஆனால் நீண்ட இறக்கத்தில் கால் எடுத்தே வந்துவிட்டுத் தட்டினால் அங்கேயும் ஒரு சின்ன இடறல் இருக்கிறது. முன்பு இதை நான் தனியாகக் கவனிக்கவில்லை. இரண்டும் ஒன்றா?

அந்தக் கட்டளையை ஈசியூவிலிருந்து எடுத்துவிட முடியுமா?

பழைய ஸ்பேனர்:

இரண்டும் வேறு வேறு.

முதலாவது நான் சந்தேகப்பட்டதேதான், இன்ஜினில் குறை இல்லை. சில கார்களில் பிரேக்கை முதலில் மிதித்து, பிறகு ஆக்சிலரேட்டரைத் தொட்டால் ஈசியூ விட்டுவிடும், தலைகீழாகச் செய்தால்தான் வெட்டும். உங்களுடையது வரிசையைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. மென்பொருளில் மாற்றிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ட்ராக்கில் மட்டும் ஓடும் கார் என்றால் நானும் மாற்றுவேன். மற்றவர்களும் எடுத்து ஓட்டும் சாலைக் காரில் கை வைக்க மாட்டேன். 2009 மாடல் நிசான் 370இசட்டிலிருந்து கம்பெனியே ரெவ் மேட்ச் (கியர் குறைக்கும்போது ஆர்பிஎம்மைத் தானாக ஏற்றும் வசதி) கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கும். அங்கே ஈசியூதானே தட்டுகிறது, உங்கள் காலைச் சந்தேகப்படத் தேவையில்லை. நமக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது, கொஞ்சம் ரசமான விஷயம். கியரில் இருக்கும்போது கால் முழுக்க எடுத்தால் ஈசியூ பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். உங்களுடையது போர்ட் இன்ஜெக்‌ஷன். சாதாரணமாக ஓடும்போது போர்ட்டின் சுவரில் பெட்ரோல் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். நீண்ட இறக்கத்தில் அது காய்ந்துவிடும், காய்ந்த தோசைக்கல்லில் விட்ட முதல் சொட்டு எண்ணெய் கல்லுக்கே போவதைப் போல, மறுபடி தெளிக்கும் முதல் பெட்ரோலில் ஒரு பங்கு சுவருக்கே போகும். அதை ஈடுகட்ட ஈசியூ கூடுதலாகத் தெளிக்கும். காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரில் தூசி படிந்து குறைவாகக் காட்டினால், அந்தக் கூடுதலும் போதாமல், காற்றோடு சேரும் பெட்ரோல் ஒரு நொடி குறைந்துபோகும். இடறல் அங்கேதான்.

லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம், அதாவது ஈசியூ வழக்கமாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், எவ்வளவு காட்டுகிறது? பிளஸ் பக்கம் இரட்டை இலக்கமாக இருந்தால் எம்ஏஎஃப்பை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் கழுவுங்கள். கார்புரேட்டர் க்ளீனர் அடிக்காதீர்கள், துணியாலும் துடைக்காதீர்கள். அதன் பிறகும் குறையாவிட்டால் வேக்குவம் லீக் (அளக்கப்படாத காற்று உள்ளே புகும் கசிவு) தேடலாம்.

நிதானம்:

அப்போ நான் சொன்ன மாதிரிக் கிளட்சை மெதுவாக விட்டிருந்தால் இத்தனை வேலை இல்லை :)

வளைவுப்பிரியன்:

ட்ரிம் பிளஸ் 11 காட்டியது. எம்ஏஎஃப் கழுவிய பிறகு பிளஸ் 4-க்கு வந்துவிட்டது, இறக்கத்தில் இருந்த இடறலும் போய்விட்டது. பிரேக்கோடு தட்டும் விஷயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எப்படிச் சமாளிப்பது அண்ணே?

பழைய ஸ்பேனர்:

நேர்கோட்டிலேயே பிரேக்கை முடித்துவிட்டு, காலை எடுத்து, தட்டி, கிளட்சை விட்டு, அதன் பிறகு திருப்புங்கள். கொஞ்சம் முன்னதாகப் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்னொன்றையும் லாக்கோடு பார்க்கலாம்: சில ஈசியூக்களில் பெடல் எவ்வளவு அழுத்தப்பட்டது, எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்பதற்கும் வரம்பு உண்டு. 40-க்குப் பதிலாக 15 சதவீதம், அதையும் சட்டென்று தட்டிப் பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடத்தில் செய்யுங்கள், வளைவில் வேண்டாம். த்ராட்டில் 13-ஐ விட்டு நகர்ந்ததா என்று வந்து சொல்லுங்கள்.