மறு: கிரே லிட்டரேச்சர் – சாம்பலும் வேண்டாம், இலக்கியமும் வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

கிரே லிட்டரேச்சருக்கு, அதாவது கடையில் விற்பனைக்கு வராத அறிக்கை, ஆய்வேடு போன்றவற்றுக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் போட்ட கேள்விக்கு இதுவரை ஒன்பது பதில் வந்திருக்கிறது. அதில் ஏழு பேர் ‘சாம்பல் இலக்கியம்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கடலாய்வு நூலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிறந்த ஊரான, மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்குக்கே திரும்பிவிட்டேன். இங்கே கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வாசிப்பறை இருக்கிறது. படிவம் ஐந்து, ஆறு படிக்கிற பிள்ளைகள் சாயங்காலம் வருவார்கள். ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் தென்னை, கொஞ்சம் தள்ளிப் போனால் பெர்ணம் ஆறு கடலில் கலக்கிற இடம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கடலைப் பற்றிப் படிக்க எங்கே போவது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சரி, எந்த நூலகத்தில் என்ன கிடைக்கும், காசு கொடுக்காமல் எதை இறக்கிக்கொள்ளலாம் என்று நாலு பக்கத்தில் ஒரு செய்தி மடல் எழுதலாமே என்று உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

அந்த வரி இதுதான்: ‘அக்குவாடாக்ஸ் என்னும் இணையக் களஞ்சியம் 2021 முதல் இயங்குகிறது. யுனெஸ்கோ கடலியல் ஆணையத்தின் தரவுப் பிரிவும் கடல்சார் நூலகர்களின் சங்கமான ஐயாம்ஸ்லிக்கும் சேர்ந்து இதை நடத்துகின்றன. இதில் ஏராளமாகக் கிடைப்பவை...’

கிடைப்பவை எவை? அங்கேதான் பேனா நின்றது.

நூலகத்தில் வேலை செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். மீன்வளத் துறை ஒரு கப்பலை அனுப்பி இருபது நாள் வலை இழுத்துப் பார்க்கிறது. எந்த ஆழத்தில் என்ன மீன், எத்தனை கிலோ என்று எழுதி, நூறு படி எடுத்து, தெரிந்த அலுவலகங்களுக்கு அனுப்பிவிடுகிறது. கடையில் அது கிடைக்காது. ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக எண் கிடையாது. பதிப்பாளர் என்று யாரும் இல்லை. எங்கள் பேராக்கிலேயே மாத்தாங் சதுப்புநிலக் காடு இருக்கிறதே, ஏறக்குறைய 40,000 ஹெக்டர், அதை எந்த வருஷம் எந்தப் பகுதியில் வெட்டுவது, வெட்டிய இடத்தை முப்பது வருஷம் எப்படி விட்டுவைப்பது என்று வனத்துறை பத்து வருஷத்துக்கு ஒரு முறை எழுதுகிற திட்டம், அதுவும் இந்த வகைதான். பட்டப்படிப்பு ஆய்வேடுகளும் இதில் சேரும். 1979ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் மலேசியா உட்பட இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் சின்ன மீனவர்களுக்காகப் படகு, வலை, கடன் என்று வரிசையாக அறிக்கை போட்டது. எல்லாம் இதே சாதி.

கடல் விஷயத்தில் இந்தச் சாதிதான் பெரிய சாதி. ஆய்விதழில் வருகிற கட்டுரை ஒரு முடிவைச் சொல்லும். அந்த முடிவுக்குக் கீழே கிடக்கிற எண்கள் இந்த அறிக்கைகளில்தான் இருக்கும். கெராங் சிப்பி முப்பது வருஷத்துக்கு முன்னால் எந்தச் சேற்றில் எவ்வளவு விளைந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் வேறு எங்கே போய்த் தேடுவது? (தேடும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். அதன் அறிவியல் பெயர் பழைய அறிக்கைகளில் அனடாரா கிரனோசா என்றிருக்கும், இப்போது டெகில்லார்கா கிரனோசா. இரண்டையும் தட்டிப் பார்க்க வேண்டும்.)

இதன் அருமை தெரியாமல் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த நூலகம் என்று கேட்காதீர்கள். இடம் மாற்றினார்கள். பட்டியலில் ஏறியது எல்லாம் வண்டியில் ஏறியது. எண் இல்லாதது, முதுகில் பெயர் இல்லாதது, ஸ்டேப்பிள் துருப்பிடித்தது எல்லாவற்றையும் ‘இதெல்லாம் புத்தகமா?’ என்று கேட்டுவிட்டுக் கீழே இறக்கிவைத்தார்கள். சாயங்காலம் பழைய பேப்பர் லாரி வந்தது. எடைக்குப் போட்டார்கள். நான் இரண்டு பெட்டியைத்தான் கைக்காவலாக எடுத்துவைக்க முடிந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்திருந்தால், அலமாரியில் ஒரு தட்டும் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ஒரு பதிலில் இப்படி இருந்தது:

> சாம்பல் இலக்கியம் என்பது உலக வழக்கை ஒட்டியது, மாற்றத் தேவையில்லை.

ஆங்கிலத்தில் கிரே என்றால் கறுப்பும் இல்லாத வெள்ளையும் இல்லாத நடு நிலை. நம் காதில் சாம்பல் என்றதும் நிறம் பிறகுதான் வருகிறது, எரிந்து முடிந்த அடுப்புதான் முதலில் வருகிறது. மூன்றாம் நாள் காரியம் வருகிறது. மாத்தாங் காட்டு மரம் கோல செபத்தாங் சூளையில் கரியாகிறதே, அந்தக் காட்டைப் பற்றிய திட்டத்துக்குச் ‘சாம்பல் இலக்கியம்’ என்று பெயர் வைத்தால் கேட்கிறவன் சிரிக்க மாட்டானா? இலக்கியம் என்றாலோ கவிதையும் கதையும்தான். ‘இன்றைக்குப் பத்து மணிக்கு வலை இறக்கினோம், இருபத்திரண்டு கிலோ காரப்பொடி மீன்’ என்பதில் என்ன இலக்கியம்?

‘வெளிவராத ஆவணம்’ தப்பு. வெளிவந்ததுதான், விற்பனைக்கு வரவில்லை. ‘விலையில்லா வெளியீடு’ என்று எழுதிய அண்ணனுக்கு ஒரு கும்பிடு. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் மிக்சியும் மடிக்கணினியும்தான் கண்முன் நிற்கும் என்கிறார்கள்.

துறைக்காரர்கள் இதை எப்படி வரையறுத்தார்கள் என்று பார்த்தால் ஒரு வழி கிடைக்கிறது. 1997ல் லக்சம்பர்க் மாநாட்டில், அரசும் கல்வி நிலையங்களும் தொழில்துறையும் உண்டாக்கினாலும் வணிகப் பதிப்பாளர் கையில் இல்லாதவை என்றார்கள். 2004ல் நியூயார்க்கில் ஒன்றைச் சேர்த்தார்கள்: எழுதி வெளியிடுகிற இடத்துக்குப் பதிப்பிப்பது முதன்மைத் தொழில் அல்ல. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வரிதான். வேறொரு வேலை நடக்கிறது, அந்த வேலையோடு சேர்ந்து இந்தத் தாளும் பிறக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் அப்பா கடலோரத் தோட்டத்தில் பண்டு காவல். உப்புத் தண்ணீர் தோட்டத்துக்குள் வராமல் மண்ணால் கரை போட்டிருப்பார்கள், அதுதான் பண்டு. நடுவில் வாட்டர் கேட். கடல் வற்றுகிற ஆயர் சூரூட் சமயத்தில் திறந்து கால்வாய்த் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். பாசாங், அதாவது ஏற்றம், வருவதற்குள் அடைக்க வேண்டும். தவறினால் தென்னை மஞ்சளாகிவிடும், தோட்டத்துக் கணக்கரான கிராணி, காலையில் ஆள் கூப்பிடுகிற பிரட்டில் வைத்தே கேட்பார். அப்பா சட்டைப் பையில் ஒரு 555 புக் வைத்திருப்பார், மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அதே சின்னப் புக்தான். ‘கா. 6.10 திறந்தது, 10.40 அடைச்சது.’ மறுநாள் ‘7.00 திறந்தது, 11.30 அடைச்சது.’ நாளுக்கு ஐம்பது நிமிஷம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஒரு வட்டம். ஓரிடத்தில் ‘சொறி நிறைய, கேட்டுல அடைச்சிருச்சு’. சொறி என்றால் ஜெல்லிமீன். ஏற்றவற்றத்தைப் பற்றி நான் பார்த்த முதல் அறிக்கை அதுதான். அப்பா எழுத்தாளர் இல்லை. கேட்டைப் பார்க்கிற வேலையில் விழுந்த எழுத்து அது.

ஆகவே என் முன்மொழிவு: பணியேடு. பேரேடு, நாளேடு, கையேடு, ஆய்வேடு என்று ஏடு நம்மிடம் நன்றாகப் புழங்குகிற சொல். பன்மைக்கும் தொல்லை இல்லை. ‘இதில் ஏராளமாகக் கிடைப்பவை பணியேடுகள்.’ வாயில் இடறுகிறதா பாருங்கள்.

அன்புடன்,
ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து

——

மறு: பணியேடு

ஐயாவுக்கு வணக்கம். சிதம்பரத்திலிருந்து எழுதுகிறேன், நானும் ஓய்வுபெற்ற நூலகர்தான். லாரிக் கதையைப் படித்ததும் வயிறு எரிந்தது, இங்கேயும் பார்த்திருக்கிறேன்.

சாம்பலை விரட்டியதற்கு நன்றி. ஆனால் பணியேடு எங்கள் ஊரில் செல்லாது. இங்கே அரசு ஊழியர் ஒவ்வொருவருக்கும் பணிப்பதிவேடு உண்டு. பணியேடு என்று சொன்னால் ‘என் இன்கிரிமென்ட் ஏறியிருக்கா’ என்று கேட்பார்கள்.

இன்னொன்று. அப்பாவின் 555 புத்தகத்தை நீங்கள் இந்த வகையில் சேர்ப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை, மன்னிக்கணும். அது அவருக்கும் கிராணிக்கும் மட்டுமான பதிவு. கப்பல் அறிக்கை அப்படியில்லை, நூறு படி எடுத்து நாலு பேர் படிக்கட்டும் என்று அனுப்பியது. வேலையில் பிறந்தவை என்று மட்டும் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும். வருகைப் பதிவேட்டைக்கூடச் சேர்க்க வேண்டிவரும்.

என் யோசனை வேறு இடத்திலிருந்து வருகிறது. நம் சிற்றிதழ்களின் அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டிருக்குமே, பார்த்திருப்பீர்கள். கடைக்கு வராது, ஆனால் ஒளித்துவைத்ததும் அல்ல. ஒரு வட்டத்துக்குள் கைமாறும். நீங்கள் சொல்கிற சரக்கு அச்சு அசல் அதுதானே? ‘தனிச்சுற்றேடு’ என்று வைத்தால் என்ன? நீளம் என்றால் ‘சுற்றேடு’. சுற்றறிக்கை என்பது ஏற்கெனவே இருப்பதால் காதுக்கும் புதிதாக இராது.

தோட்டம் என்று எழுதியதால் ஒரு சேதி. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்பிய முகாம், ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்கிற ஊரில் இருந்தது. 1947ல் தொடங்கிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1949ல் அந்த மண்டபம் முகாமுக்குத்தான் வந்து, 1971ல் தலைமையிடம் கொச்சிக்குப் போகும்வரை அங்கேயே இருந்தது. அவர்களுடைய பழைய அறிக்கைகள் பெரும்பாலும் இணையத்தில் இலவசம். மடலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

——

மறு: மறு: சுற்றேடு?

வணக்கம் ஐயா, அம்மா. தஞ்சோங் மாலிமில் படிக்கிறேன். ஒரே சந்தேகம்தான். அக்குவாடாக்ஸில் போட்ட பிறகு யார் வேண்டுமானாலும் இறக்கலாம். அப்புறம் எப்படி அது ‘தனி’ச் சுற்று?

——

மறு: மறு: மறு: சுற்றேடு

தம்பி கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் ‘தனி’யை வெட்டிவிட்டுச் ‘சுற்றேடு’ என்று நிறுத்தலாம் என்கிறேன். எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை விட்டுவிடுங்கள், எப்படிப் புறப்பட்டது என்பதற்குத்தான் பெயர். மதியம் வெளிவந்தாலும் காலைக்கதிர் நாளிதழ் காலைக்கதிர்தானே.

சிதம்பரத்து அம்மாவுக்கு: தோற்றுவிட்டேன், சந்தோஷமாக. இரண்டு நாள் பணியேட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கிப் பார்த்தேன். வாசிப்பறையில் ஒரு பையனிடம் இரண்டு சொல்லையும் சொல்லி என்ன புரிகிறது என்று கேட்டேன். பணியேட்டுக்கு ‘ஹோம்வொர்க் புக்கா அங்கிள்?’ என்றான். சுற்றேட்டுக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘கையில கொடுத்து கொடுத்துப் படிக்கிறதா?’ என்றான். இதற்கு மேல் நான் என்ன வாதாடுவது?

நூலகப் பட்டியலுக்கு இப்படி எழுதிவைத்திருக்கிறேன். சுற்றேடு: நிறுவனமோ குழுவோ தன் வேலையின் பகுதியாக எழுதி, வணிகப் பதிப்பாளர் வழியே அல்லாமல், படிக்க வேண்டியவர்களுக்குச் சுற்றுக்கு விட்ட அறிக்கை, ஆய்வேடு, திட்டம் முதலியவை. மொத்தத் தொகுப்பைச் சொல்லச் ‘சுற்றேட்டுத் திரட்டு’. சறுக்குகிற இடம் ஒன்றுதான்: சுற்றறிக்கை என்பது மேலிடத்து உத்தரவு, இது உத்தரவு இல்லை. பட்டியலில் ஒரு குறிப்புப் போட்டால் போதும். ரீபிரிண்ட் என்று விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிற ஒற்றைக் கட்டுரைப் படிகளை இதில் சேர்க்காதீர்கள், ‘மறுபதிப்பு’ என்றும் எழுதாதீர்கள். அந்தச் சண்டையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.

மண்டபம் சேதியை மடலில் சேர்த்துவிட்டேன். எங்கள் தாத்தா வந்த வழி வேறு, கப்பலில் பினாங்கு; பக்கத்துத் தீவான பூலாவ் ஜெரேஜாக்கில் இறக்கிச் சோதித்தார்கள் என்று பாட்டி சொல்வார். ஆனாலும் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவின் புத்தகம் இந்த வகையில் சேராது என்று சிதம்பரத்து அம்மா சொன்னது முதலில் சுருக்கென்றது. ஆனால் சரிதான். மூன்று புக் மிஞ்சியிருக்கிறது. முதுகில் ஒட்டியிருந்த ‘பணியேடு’ சீட்டைக் கிழித்துவிட்டுப் ‘பதிவேடு’ என்று மாற்றிவிட்டேன். பிறகு நேற்று ராத்திரி அதிலுள்ள நேரங்களை எல்லாம் வரிசையாகத் தட்டெழுதி, சொறி அடைத்த நாளையும் விடாமல் சேர்த்து, மேலே இரண்டு பத்தி விளக்கம் எழுதி, கடைத்தெருவில் பன்னிரண்டு படி எடுத்துக் கம்பி அடித்து வைத்திருக்கிறேன். சிதம்பரத்துக்கு ஒன்று, தஞ்சோங் மாலிமுக்கு ஒன்று போக, மீதி பத்து இருக்கிறது. யாருக்கு வேண்டும், தனி மடலில் முகவரி அனுப்புங்கள்.