பொருள்: 636601 எந்த வகை எண்? தமிழ்ப் பெயர் தேவை

ஏற்காடு, கணித ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏற்காட்டுப் பின்கோடு 636601ஐக் காரணிப்படுத்தினார்கள்: 7 × 199 × 457. மூன்றும் பகா எண்கள், மூன்றும் வேறு வேறு. இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ஸ்பெனிக் எண் என்று பெயர். மிகச் சிறியது 30. ராமானுஜனின் 1729ம் (7 × 13 × 19) இந்தக் குடும்பம்தான். எதை எடுத்தாலும் காரணிகள் எட்டு. கணித மன்றப் பலகைக்கு வெள்ளிக்கிழமைக்குள் பிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கணும். தமிழில் என்ன போடலாம்?

சேலம், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:
அம்மா, மூலம் கிரேக்கம்; ஆப்பு வடிவம் என்று பொருள். ஆப்பு + எண் = ஆப்பெண். குற்றியலுகரம் தானே ஓடிவிடும்.

ஓமலூர், மென்பொருள் பணி:
ஐயா, வகுப்பில் போய் "இது ஆப்பெண்" என்றால் பாதிப் பேர் "ஆ, பெண்ணா?" என்பான், மீதிப் பேர் "யாருக்கு டீச்சர் ஆப்பு?" என்பான். 'முப்பகா எண்' என்று வையுங்கள், முடிந்தது.

தமிழாசிரியர்:
தெருவில் கொச்சையானால் அதற்குச் சொல் என்ன செய்யும்? யாறு ஆறானது, யானை ஆனையானது; யாப்பும் அப்படித்தான் ஆப்பானது என்பது என் துணிபு. யாத்தல் என்றால் கட்டுதல். மூன்று பகா எண்களைச் சேர்த்துக் கட்டியது ஆப்பெண். உங்கள் 'முப்பகா' மூன்றால் பகாதது என்றல்லவா பொருள்படும்? 30 மூன்றால் வகுபடுமே!

ஆத்தூர், மரக்கடை:
ஆப்பு கட்டுமா? எங்கள் கடையில் அது பிளக்கத்தான் பிளக்குது, ஐயா. இப்படியே போனால் சேலம் சைலத்திலிருந்து வந்ததா, சேரலத்திலிருந்து வந்ததா என்ற பழைய சண்டைக்குப் போய்விடுவோம்.

ஓமலூர்:
இலங்கைப் பாடநூல்களில் பகா எண் 'முதன்மை எண்'. அப்போ 'மும்முதல் எண்'?

தமிழாசிரியர்:
அது கோயில் மதிலில் எழுத வேண்டியது.

ஆசிரியை:
'வேறு வேறு' என்பதை இதுவரை வந்த எந்தச் சொல்லும் சொல்லவில்லையே! 12 = 2 × 2 × 3; அதையும் முப்பகா என்று எழுதி வைப்பார்கள். எட்டுக் காரணியை வைத்தும் பெயரிட முடியாது. 24க்கும் எட்டுத்தான், ஆனால் அது 2 × 2 × 2 × 3.

சேலம், கல்லூரி மாணவி:
'முக்கனி எண்'? மா, பலா, வாழை. மூன்று மாம்பழத்தை வைத்துவிட்டு யாரும் முக்கனி என்பதில்லை, அது சேலத்து மாம்பழமாகவே இருந்தாலும். வேறு வேறு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஓமலூர்:
இது நல்லா இருக்கு. ஆனால் இணையத்தில் தேடினால் பழக்கடைதான் வரும்.

ஆத்தூர்:
வரட்டுமே. ஆப்புக்கு இது எவ்வளவோ மேல்.

ஆசிரியை:
எல்லோருக்கும் நன்றி. பிளெக்ஸ் கடையில் இன்றே கேட்கிறார்கள். ஓமலூர், தனி மடலில் எழுதிய இன்னும் இருவர் என 'முப்பகா எண்'ணுக்கே ஆதரவு கூடுதல். அதைப் பெரிதாகவும், கீழே 'மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலன்' என்று சின்னதாகவும் போடுகிறேன். முக்கனியை வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'முப்பகாப் பெருக்கெண்' என்றாவது போட்டிருக்கலாம். ஒரு வல்லினம் மிகுவதால் பிளெக்ஸ் கிழிந்துவிடாது.